'இந்தியன்' என்னும் பெயரடை

ஒரு சொல் பிறந்த இடம் வேறாகவும், அது சென்று தங்கும் இடம் வேறாகவும் அமைதல் மொழிகளில் இயல்பே. ஆங்கிலத்தில் 'இந்தியன்' என வழங்கும் பெயரடை இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். ஆற்றின் பெயரினின்று தோன்றிய அச்சொல், கண்டியைச் சூழ்ந்த மலைகளில் ஒரு சமூகத்தின் வாழ்வுரிமையோடு பிணைந்த வரலாறு ஆராயத்தக்கது.

வடமொழியிற் 'சிந்து' என்பது ஆற்றைக் குறிக்கும். சகரத்தை ஹகரமாக ஒலித்த பண்டைப் பாரசீகர் அதனை 'ஹிந்து' என்றனர். கிரேக்கர் ஹகரத்தையும் நீக்கி, ஆற்றை 'இந்தொஸ்' எனவும், அதனைச் சார்ந்த நாட்டை 'இந்தியா' எனவும் வழங்கினர். இலத்தீன் வழியாக ஆங்கிலம் இதனை ஏற்றது. கல்லூரிகளின் பெயர்களில் விளங்கும் 'இந்து' என்னும் சொல்லும் இவ்வேரினின்று கிளைத்ததே.

1492ஆம் ஆண்டிற் கொலம்பஸ் மேற்றிசைத் தீவுகளை அடைந்து, அவற்றைக் கீழ்த்திசை நாடுகளென மயங்கினார். அம்மயக்கத்தால் அமெரிக்கப் பழங்குடிகள் 'இந்தியர்' ஆயினர். அவர் பயிரிட்ட சோளம் 'இந்தியன் கோர்ன்' எனப்பட்டது; ஒருவர் பின் ஒருவராக நடக்கும் வரிசை 'இந்தியன் பைல்' எனப்பட்டது. சீனத்தில் தோன்றிய கறுப்பு மையும் 'இந்தியன் இங்க்' ஆயிற்று. இவற்றுள் ஒன்றேனும் சிந்து வெளியிற் பிறந்ததன்று. பெயரடை சில வேளைகளிற் பொருளின் தன்மையைக் காட்டிலும் பெயரிட்டோரின் எண்ணத்தையே உணர்த்தும் என்பது இதனாற் பெறப்படும்.

கண்டியிலும் இவ்வுண்மை புலனாகின்றது. 1739 முதல் அங்கு ஆண்ட நாயக்க மன்னரின் குலத்தை ஆங்கிலேயர் 'மலபார்' என்றனர். 1815 மார்ச் 2ஆம் நாளைய கண்டி ஒப்பந்தத்திலும் அச்சொல்லே உளது. பின்னர் அம்மலைகளிற் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிற் தேயிலை பயிரிட்டபின், தேயிலைத் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்கத் தமிழகத்தினின்று வந்தோரையும் அவர் வழித்தோன்றல்களையும் 1911ஆம் ஆண்டின் குடிசன மதிப்பு 'இந்தியத் தமிழர்' எனத் தனியே வகுத்தது. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த குழந்தைக்கும் அவ்வடையே உரியதாயிற்று.

கணக்கேட்டிலிருந்த சொல் பின்னர்ச் சட்டத்திற் புகுந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்பையோ, பாட்டன் பூட்டன் பிறப்பையோ சான்றாக வேண்டிற்று. அதனை நிறுவ இயலாத தோட்ட மக்களுட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் செய்யப்பெற்ற சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்து, 1,50,000 பேரின் நிலையைப் பின்னர்த் தீர்க்க விட்டது. அவ்வாறு நீலகிரி முதலிய இடங்களிற் குடியேறியோரை ஆங்குள்ளோர் 'சிலோன்காரர்' என்றனர். இலங்கையில் இந்தியராகவும், இந்தியாவிற் சிலோன்காரராகவும் அழைக்கப்பட்ட அவர்க்கு இரு நாட்டிலும் வேற்றூர்ப் பெயரே வாய்த்தது.

இலங்கையில் எஞ்சியோர் தம் பெயரைத் தாமே தேர்ந்தனர். 1939இல் எழுந்த இலங்கை இந்தியர் காங்கிரசின் தொழிற்சங்கம் 1950இல் 'இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ்' ஆயிற்று. பின்னர் 'மலையகத் தமிழர்' என்னும் பெயர் வேரூன்றியது. நாடற்றோராய் எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை அளிக்கும் சட்டம் 2003இல் நிறைவேறிற்று. 'இந்தியத் தமிழர்' என்னும் வழக்கு இன்னும் முற்றாக ஒழியவில்லை. ஆயினும் 'கண்டி' என்னும் பெயரே மலையைக் குறிக்கும் 'கந்த' என்ற சிங்களச் சொல்லினின்று போர்த்துக்கேயர் வாயிலாகத் திரிந்து வந்தது. ஆதலின் 'மலையக' என்னும் அடை, அம்மக்கள் தலைமுறைகளாக உழைத்து வாழும் மண்ணின் பெயரோடு பொருளால் ஒன்றுபட்டு நிற்கின்றது.