10-ஆம் எண் சட்டை யாருக்கு?

எங்கள் முத்துப்பேட்டைப் பக்கத்துப் பள்ளிகளில், கால்பந்து அணியின் சட்டைகள் பள்ளிக்கூட அலமாரியில்தான் இருக்கும். ஓர் அண்ணன் போட்டு ஆடிய 10-ஆம் எண் சட்டை, அவர் படிப்பு முடித்துப் போனதும் ஒரு தம்பிக்கு வரும். தொளதொளவென்று தொங்கினாலும் அவனுக்குப் பெருமை தாங்காது!

பெரிய ஆட்டக்காரர்களின் எண் அப்படி எளிதில் கைமாறுவதில்லை. நம் கிரிக்கெட்டில் 10 என்றால் சச்சின். 2017-இல் கொழும்பில் ஷர்துல் தாக்கூர் அந்த எண்ணோடு இறங்கினார். ரசிகர்களுக்கு வந்ததே கோபம்! பாவம், அவர் 54-க்கு மாறிவிட்டார்.

கால்பந்தில் 10 என்றால் மரடோனா. 1986-இல் மெக்சிகோவில் அர்ஜென்டினாவுக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்தவர். அவருக்கு மரியாதையாக, அந்த எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் முடிவு செய்தது. 2002 உலகக் கோப்பைக்கு 10-ஐ விட்டுவிட்டு, 24 வரை எண் போட்டுப் பட்டியல் அனுப்பியது. உலகக் கால்பந்துச் சங்கமான பிஃபா ஒப்புக்கொள்ளவில்லை. 23 ஆட்டக்காரர்களுக்கும் 1 முதல் 23 வரைதான் எண்! பிஃபா செய்தது சரி என்பதே என் கட்சி.

அந்தச் சட்டை ஒர்டேகாவுக்குப் போயிற்று. 2006-இல் ரிக்கெல்மே அணிந்தார். அப்போது அதே அணியில் 19-ஆம் எண்ணோடு ஓர் இளைஞர் ஆடினார். 2010 உலகக் கோப்பையில் அவருக்கு 10 கிடைத்தது. யார் தெரிகிறதா? மெஸ்ஸி!

2022-இல் கத்தாரில், பிரான்சுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் அவர் 2 கோல் அடித்தார். 36 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை அர்ஜென்டினாவுக்கு வந்தது.