மக்காச்சோளம் நம்ம தட்டுக்கும் வரட்டும்

பருவத்தில் சாத்தூர், விருதுநகர் கரிசல் பக்கம் வந்து பாருங்க. மானாவாரி மக்காச்சோளம் கண்ணுக்கெட்டுன தூரம் நிற்கும். அறுத்து, அடிச்சு, மூட்டை கட்டிக் கோழித் தீவனத்துக்கு அனுப்பிடுறோம். 2024-25-க்கு அரசு அறிவித்த ஆதார விலையே குவிண்டாலுக்கு 2,225 ரூபாயாத்தான் இருந்தது. கிலோவுக்கு 22 ரூபாய். வித்த கையோடு கடைக்குப் போய் இட்லி மாவு வாங்குறோம்.

2018 அக்டோபரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சிவகாசிப் பட்டாசு ஆலைகள் மாசக்கணக்கில் மூடிக் கிடந்தன. அதே பருவத்தில்தான் படைப்புழுவும் மக்காச்சோளத்துக்குள் புகுந்தது. ஆலைக் கூலியும் இல்லை, வெள்ளாமையும் இல்லை. அந்த மாதிரி நாளில் வீட்டில் ஒரு மூட்டை சோளமும் ஒரு படி பயறும் இருந்தா அடுப்பு அணையாது. அதுக்குத்தான் இந்தச் சமையல்.

மெக்சிகோ உழவர்கள் மக்காச்சோள மாவுக்குள் மசாலா வைத்து, கதிர்த் தோகையில் சுற்றி அவிப்பாங்க. பேரு தமாலே. நம்ம இலைக் கொழுக்கட்டைக்குப் பங்காளி. அமெரிக்காவில் சுற்றுற வேலையை விட்டுட்டு, பாத்திரத்தில் அடுக்கிச் சுட்டு 'தமாலே பை' என்றார்கள். நம்ம வீட்டில் இட்லிச் சட்டி போதும்.

இதில் முக்கியம் சுண்ணாம்பு. மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் சத்து நம்ம உடம்புக்குக் கிடைக்காதபடி கட்டுண்டு கிடக்கும். சுண்ணாம்புத் தண்ணீரில் வேகும்போது அது விடுபடும். இந்த முறையை விட்டுட்டுத் தானியத்தை மட்டும் எடுத்துக்கிட்ட இத்தாலியிலும், அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் ஏழைகளுக்குத் தோல் வெடிச்சு, வயித்தாலே போயி, புத்தி தடுமாறுற பெல்லாக்ரா நோய் வந்தது.

அரை கிலோ மக்காச்சோளத்துக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், 5 கிராம் வெற்றிலைச் சுண்ணாம்பு. எவர்சில்வர் பாத்திரத்தில் 40 நிமிடம் கொதிக்க விடுங்க. அலுமினியம் வேண்டாம், சுண்ணாம்பு அதை அரிச்சிடும். விரலால் தேய்த்தால் தோல் வழுக்கணும். மூடி வைத்து ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் தண்ணீரைக் கொட்டி, நாலு தடவை தேய்ச்சுக் கழுவுங்க. உப்பு, 2 கரண்டி நல்லெண்ணெய் சேர்த்து, கிரைண்டரில் கொழுக்கட்டை மாவுப் பதத்துக்கு ஆட்டுங்க.

உள்ளே வைக்க 200 கிராம் தட்டைப்பயறு. அதையும் முந்தின ராத்திரியே ஊறப்போட்டு வேக வைங்க. வத்தல் 6, சீரகம், பூண்டு அரைச்சு, சின்ன வெங்காயம், தக்காளியோட வதக்கி, பயறைச் சேர்த்துக் கெட்டியா சுருட்டுங்க. தக்காளி இல்லேன்னா புளி போதும். மக்காச்சோளத்தில் லைசின் குறைவு. பயறு அதை ஈடு கட்டும். பயறு இல்லாத நாளில் ரேஷன் துவரம்பருப்பும் ஆகும்.

தட்டில் வாழையிலை போட்டு எண்ணெய் தடவி, பாதி மாவு, மேலே பயறு, அதுக்கு மேலே மீதி மாவு. இன்னொரு இலையால் மூடி 40 நிமிடம் அவிங்க. இறக்கி 10 நிமிடம் ஆறவிட்டாத்தான் துண்டு உடையாம வரும். 5 பேர் வயிறார சாப்பிடலாம்.

ரெண்டு எச்சரிக்கை. விதைப் பாக்கெட்டில் வர்ற சாயம் பூசின சோளம் நஞ்சு கலந்தது. அதை ஒருநாளும் சமைக்கக் கூடாது. பூஞ்சை பிடிச்ச மணியைக் கழிச்சுக் கட்டுங்க. வேக வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. அதனால தீவனக் கிடங்கு மூட்டை வேண்டாம். உங்க காட்டில் மருந்தடிக்காத கதிரை நல்லாக் காய வைத்து எடுத்து வையுங்க.

வர்ற புரட்டாசியில் மக்காச்சோளத்துக்கு ஊடே தட்டைப்பயறு சால் விடுங்க. நிலத்துக்குத் தழைச்சத்து, மாட்டுக்குக் கொடி, நமக்குப் பயறு. அறுத்ததும் வியாபாரிக்கு எடை போடுறதுக்கு முன்னாடி, வீட்டுக்கு ஒரு மூட்டையை ஒதுக்கிடுங்க.