ஊரறிந்த கலியாணமும் கந்தோரறிந்த கலியாணமும்

மாதந்தோறும் பென்சன் வரும் நாளிலே, வெள்ளவத்தைக் காலி வீதியிலுள்ள வங்கி வாசல்களை நேயர்கள் கவனித்திருப்பார்கள். கையிலே குடை, சட்டைப் பையிலே மூக்குக் கண்ணாடி. இளைப்பாறிய உத்தியோகத்தர்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். சிலருக்கருகே அவர்தம் மனைவிமாரும் நிற்பதுண்டு. பணத்தை வாங்கி எண்ணி மடித்து வைத்ததும், மருந்துக் கடைக்கும் மரக்கறிக் கடைக்குமாக இருவரும் நடந்து மறைவார்கள். அந்தக் காட்சியைக் காணுந்தோறும் நம் மனத்திலே ஒரு கேள்வி எழுவதுண்டு. ஐயா இல்லாத ஒரு மாதத்திலே இந்த அம்மா என்ன செய்வார்?

கேள்வி அபசகுனமானதுதான். நம் வீடுகளிலே நல்ல நாளில் எவரும் இதைப் பேசுவதில்லை. கெட்ட நாள் வந்த பின்னரோ பேச வேண்டியவர் இருப்பதில்லை. ஆகவே இன்று இதனைச் சற்றுப் பேசிப் பார்ப்போம்.

ஒரு தகரப் பெட்டி

கொட்டாஞ்சேனையிலே, ஜெம்பட்டா வீதிக்கு அண்மையில், நாம் அறிந்த முதிய அம்மையார் ஒருவர் வாழ்ந்தார். அவருடைய கணவர் அரசாங்க லிகிதராக இருந்து இளைப்பாறியவர். அவர் காலமாகி அந்தியேட்டி முடிந்த மறுவாரம், அம்மையார் ஒரு தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கந்தோர் ஒன்றின் வாங்கிலே அமர்ந்திருந்தார். துணைக்குச் சென்றவர் நாம்.

“அம்மா, விவாகப் பதிவுப் பத்திரம் இருக்கிறதா?” என்று உத்தியோகத்தர் பணிவாகவே கேட்டார்.

“தம்பி, எங்கடை கலியாணத்துக்கு ஊரே வந்து சாப்பிட்டது. அதுக்கு மேலே என்ன சாட்சி வேணும்?”

“சாப்பிட்டவர்கள் ஒருவரும் கையெழுத்து வைக்கவில்லையே, அம்மா.”

அம்மையார் சிரிக்கவில்லை, நாமும் சிரிக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலே, அம்மன் சந்நிதியில், கூறை உடுத்துத் தாலி ஏறிய கலியாணம் அது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய குடித்தனம். எழுத்து மாத்திரம் “பிறகு பார்ப்போம்” என்று விடப்பட்டிருந்தது. அதற்கும் மேலாக, அம்மையாரின் பிறப்புப் பத்திரத்திலே ஒரு பெயர். வீட்டிலும் அடையாள அட்டையிலும் வேறொரு பெயர். ஊரறிந்த கலியாணம் கந்தோரறியாத கலியாணமாக நின்றது.

சட்டம் சொல்வது

இந்த மாதக் கொடுப்பனவு எங்கிருந்து வருகிறது? 1898 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய நிதியக் கட்டளைச் சட்டமே இதன் வேர். அரசாங்க உத்தியோகத்தரின் வேதனத்திலிருந்து மாதந்தோறும் ஒரு பங்கு கழிக்கப்படும். கலியாணமாகாத இளைஞரின் வேதனத்திலிருந்துங்கூட அது கழியும். அவர் இறந்தபின் மனைவிக்கும், குறித்த வயதெல்லைக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம் கிடைக்கும். ஆகவே இதனைத் தருமம் என்று எவரும் எண்ணிக் கூசுதல் வேண்டாம். கணவன் தன் உழைப்பிலிருந்து மாதாமாதம் ஒதுக்கி வைத்த பொருளே பின்னர் மனைவியின் கைக்கு வருகிறது.

அந்தச் சட்டம் எழுதப்பட்ட காலத்திலே உத்தியோகத்தர் என்றால் ஆண்மகன் என்றே பொருள். மனைவி சம்பாதிப்பாள், அவள் சம்பாத்தியத்திலே வீடு நடக்கும் என்று அன்றைய சட்டம் நினைத்துப் பார்க்கவில்லை. இங்கிலாந்திலேயே, மணமான பெண் அரசாங்க சேவையிலிருந்து விலக வேண்டும் என்ற தடை 1946 ஆம் ஆண்டிலேதான் உள்நாட்டுச் சேவையில் நீக்கப்பட்டது. நம் நாட்டிலே ஆசிரியைகளும் தாதியரும் பெண் லிகிதர்களும் பல்லாயிரமாகப் பெருகிய பின்னரே, 1983 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கத் தபுதாரர் அநாதைகள் ஓய்வூதியச் சட்டம் பிறந்தது. மனைவியை இழந்த கணவனும் அவள் பிள்ளைகளும் அவளுடைய சேவையின் பயனைப் பெறுவதற்கு 85 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

கணவன் மனைவி இருவரும் அரசாங்க சேவையர் என்றால், ஒவ்வொருவரும் தத்தம் ஓய்வூதியத்துக்கு உரியவர். ஒருவர் மறைந்தால், மற்றவர் தமது சொந்த ஓய்வூதியத்தோடு, துணைவருக்குரிய கொடுப்பனவையும் கோரலாம். “எனக்குத்தான் பென்சன் வருகிறதே, இனி எதற்கு?” என்று வாளாவிருந்து விடுவோரும் உளர். அது தவறு.

இனி, கணவன் தனியார் கம்பெனியிலும் மனைவி அரசாங்கப் பாடசாலையிலும் பணிபுரியும் குடும்பத்தை எண்ணுவோம். வெள்ளவத்தையின் மாடி வீடுகளிலே இத்தகைய குடும்பங்கள் ஏராளம். கணவனுக்கு உரியது 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதி. அதற்குத் தொழிலாளி நூற்றுக்கு 8 பங்கும் தொழில் கொள்வோர் 12 பங்குமாகச் செலுத்துகின்றனர். 1980 ஆம் ஆண்டின் சட்டத்தால் ஊழியர் நம்பிக்கை நிதியும் சேர்ந்துகொண்டது. சேமலாப நிதி மொத்தமாகக் கைக்கு வரும் பணம். மாதச் சம்பளம் போன்று தொடர்வதன்று. மனைவியின் மறைவுக்குப் பின் கணவனுக்கு மாதந்தோறும் ஒரு வருவாய் உண்டு. கணவனின் மறைவுக்குப் பின் மனைவிக்குக் கிடைப்பதோ ஒரே தொகை. அதை அவளே காத்து வளர்க்க வேண்டும். ஒரே வீட்டுக்குள் இத்தனை வேறுபாடு இருப்பதை இருவரும் முன்னரே அறிந்திருத்தல் நலம்.

தாலியும் எழுத்தும்

தாலி கட்டிய கலியாணம் சட்டத்தின் முன் செல்லாதா? செல்லும். 1881 ஆம் ஆண்டிலே, ‘அரோனகரி எதிர் வைகாலி’ என வழக்கேடுகளிற் பதிவான இலங்கைத் தமிழர் வழக்கொன்று இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் வரை சென்றது. ஆணும் பெண்ணுமாக இருவர் கணவன் மனைவியராகக் கூடி வாழ்ந்தமை எண்பிக்கப்பட்டால், மாறாகத் தெளிவான சான்று இல்லாதவிடத்து, அவர்கள் முறைப்படி மணந்தவர்களே என்று சட்டம் அனுமானிக்கும் எனத் தீர்ப்பாயிற்று. 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழும், எழுத்து இல்லை என்ற ஒரே காரணத்தால் வழக்கப்படி நடந்த கலியாணம் செல்லாததாகி விடாது.

எனினும் பதிவே விவாகத்துக்குச் சிறந்த சான்று. எழுத்து உள்ளவர் ஒரு தாளைக் காட்டி எழுந்து வருகிறார். எழுத்து இல்லாதவர் சாட்சிகளைத் தேடுகிறார். சத்தியக் கடதாசி முடிக்கிறார். சில வேளை நீதிமன்றப் படியும் ஏறுகிறார். கண்ணீர் காயாத காலத்திலே இத்தனை அலைச்சல் எதற்கு?

மனம் பிரிந்தோர் நிலை இன்னொன்று. நம் சமூகத்திலே, விவாகரத்துச் செய்யாமலே ஆண்டுக்கணக்காகப் பிரிந்து வாழ்வோர் உளர். நம் நாட்டுப் பொதுச் சட்டத்திலே விவாகரத்துக்குரிய காரணங்கள் மூன்றே: சோரம், வன்மத்துடன் கைவிட்டுச் செல்லல், மணந்த காலத்திலேயே இருந்த தீராத ஆண்மையின்மை. ஆதலாற் பலர் வழக்கை விரும்பாது ஒதுங்கி விடுகின்றனர். முதல் விவாகம் சட்டப்படி நீங்காதிருக்கையில் செய்யும் இரண்டாவது விவாகம் பொதுச் சட்டத்தின்படி செல்லாது. முதுமையிலும் நோயிலும் உடனிருந்து பார்த்தவள் ஒருத்தியாகவும், சட்டத்தின் கண்ணிலே விதவை வேறொருத்தியாகவும் ஆகி விடுகிற துயரம் இதனாலேயே நேர்கிறது. மறுமணத்தையும் மறைத்தலாகாது. விதவை மறுமணஞ் செய்தால் ஓய்வூதியம் நின்றுவிடும் என்பதே பழைய சட்டத்தின் போக்கு. பின்னர்த் திருத்தங்கள் பல வந்துள்ளன. மறுமணத்தை எண்ணுவோர் முதலிலே விதியைக் கேட்டறிந்து, நடந்ததை உரிய இடத்தில் அறிவிப்பதே முறை.

போரிலே கணவனை இழந்தோருக்கும், அவர் உளரா இலரா என்று அறியாதோருக்கும் வழி இன்னும் கடினம். 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் காணாமற்போனோரின் மரணத்தைப் பதிவதற்கு இடந்தந்தது. “இறந்தார் என்று எப்படி எழுதிக் கொடுப்பேன்?” என்று மறுத்த மனைவியரை நினைந்தோ என்னவோ, 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தம், அவர் காணப்படவில்லை என்று மாத்திரம் கூறும் சான்றிதழுக்கு வழி செய்தது. நம்பிக்கையைக் கைவிடாமலே உரிமையைக் கோர அது உதவும்.

பிற நாடுகளிலும் விவாகத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் இடையே இத்தகைய சிக்கல்கள் உண்டு. இந்தியாவிலே, இளைப்பாறிய பின் மணந்த மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் இல்லை என்றிருந்த விதியை, பகவந்தி என்னும் விதவையின் வழக்கிலே 1989 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தகர்த்தது. அமெரிக்காவிலே துணைவரின் சமூகப் பாதுகாப்புத் தொகையிற் பாதி வரை மற்றவர் பெறலாம். ஆனால் சிலவகை அரசாங்க ஓய்வூதியம் பெறுவோருக்கு அதனைக் குறைக்கும் விதி 1977 முதல் இருந்துவந்தது. 2025 ஜனவரி 5 ஆந் திகதி கையொப்பமிடப்பட்ட சட்டமே அதனை நீக்கியது. கேட்பவர் இருந்தமையாலேயே இவ்விதிகள் மாறின.

இன்றே செய்யத்தக்கவை

உத்தியோகத்திலுள்ளோர் தம் விவாகத்தையும், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பிறப்பையும் தத்தம் திணைக்களத்துக்கு எழுத்திலே அறிவித்தல் வேண்டும். எழுத்து முடியாதவர்கள் இப்போதே விவாகப் பதிவாளரிடம் செல்லலாம். பேரப்பிள்ளைகள் கண்ட பின்னர் கையொப்பமிடுவதிலே வெட்கம் ஒன்றுமில்லை. பெயர் வேறுபாடு இருப்பின், இருவரும் உயிரோடிருக்கையிலே சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். போரிலும் இடப்பெயர்விலும் தொலைந்த பத்திரங்களுக்குப் பதிவாளர் நாயகம் திணைக்களத்திலே பிரதி கேளுங்கள். விதவைகள் அநாதைகள் நிதிய இலக்கம், ஓய்வூதிய இலக்கம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒரே உறையிலிட்டு, அது இருக்குமிடத்தை மனைவிக்கும் மூத்த பிள்ளைக்கும் காட்டி வையுங்கள். வெள்ளவத்தையார் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தையும், கொட்டாஞ்சேனையார் கொழும்புப் பிரதேச செயலகத்தையும் அணுகலாம். தலைமைத் திணைக்களம் மாளிகாவத்தையில் உள்ளது.

மாணவர்களுக்கும் இதிலே பங்குண்டு. அப்பா அம்மாவின் பத்திரங்களிலே பெயர்கள் ஒத்திருக்கின்றனவா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அமர்ந்து பார்ப்பது, பரீட்சைக்குப் படிப்பதற்குக் குறைந்த கல்வியன்று.

கொட்டாஞ்சேனை அம்மையாரின் கதை என்னவாயிற்று? பல மாதங்கள் சென்றன. பிள்ளைகளின் பழைய பிறப்புப் பத்திரங்களிலே, பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா என்ற கேள்விக்கெதிரே, கலியாணத் திகதியும் ஊரும் எழுதப்பட்டிருந்தன. அயலவர் இருவர் சத்தியக் கடதாசி தந்தனர். ஈற்றிலே, கணவருடைய பழைய கோப்பின் அடியிலிருந்து மஞ்சளேறிய தாளொன்று வெளிப்பட்டது. சேவையிற் சேர்ந்து சில ஆண்டுகளில், மணமான புதிதில், அவர் தம் கையாலே நிரப்பிக் கொடுத்த தாள் அது. மனைவியின் பெயர் என்ற இடத்திலே, அம்மையாரின் இரண்டு பெயர்களையும் அடுத்தடுத்து எழுதியிருந்தார்.

உத்தியோகத்தர் அதனைத் திருப்பிக் காட்டினார். அம்மையார் வாசித்தார், மீண்டும் வாசித்தார். பின்னர், “எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே இந்த மனுசன்” என்று சொல்லிச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் எழுதி வைத்தது நல்லதாயிற்று. சொல்லியும் வைத்திருந்தால், அந்த அம்மையார் வாங்கிலே காத்திருந்த மாதங்கள் எத்தனையோ குறைந்திருக்கும்.