பாதியில் விலகாத கரங்கள்



விடுமுறைக்கு மும்பையிலிருந்து சென்னைக்கு இரயிலில் செல்லும் நம்மில் பலர், புனேயைக் கடந்து தவுண்டு வருமுன் கண்ணில் பட்டு மறையும் கேட்காவ் என்ற சிறு நிலையத்தைக் கவனிப்பதில்லை. திக்கற்ற பிள்ளைகளின் கல்விக்குக் கைகொடுக்க விரும்பும் ஒவ்வொரு குடும்பமும் அறியவேண்டிய சரித்திரம் ஒன்று அந்த ஊரில் இருக்கிறது. பண்டித ரமாபாய் அம்மையார் நிறுவிய முக்தி மிஷனின் சரித்திரம் அது.

1858-ல் பிறந்த ரமாபாய், 1874-ல் பஞ்சத்தின் கொடுமையில் பெற்றோரை இழந்தார். 1882-ல் கணவரையும் இழந்து, பெண் குழந்தையோடு விதவையானார். பெற்றோர் விட்டுச்சென்ற ஒரே ஆஸ்தி அவர்கள் புகட்டிய சமஸ்கிருதக் கல்வியே. அந்தக் கல்வியே அவரை நிமிர்ந்து நிற்கச் செய்தது. ஆகவே, தம்மைப்போல் ஆதரவற்றவர்களுக்கும் கல்வியே முதல் உதவி என்று அவர் தீர்மானித்தார்.

பத்து ஆண்டு வாக்குறுதி

1887-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அவருக்காக ஒரு சங்கம் அமைந்தது. அதன் அங்கத்தினர்கள் உணர்ச்சிவசப்பட்டு ஒருமுறை காணிக்கை அளித்து ஓய்ந்துவிடவில்லை; பத்து ஆண்டுகள் பள்ளியைத் தாங்குவோம் என்று வாக்களித்தார்கள். அந்த வாக்கை நம்பியே 1889-ல் மும்பையில் சாரதா சதன் திறக்கப்பட்டது. 1896-ல் தொடங்கிய பஞ்சத்தில், பசியால் வாடிய நூற்றுக்கணக்கான சிறுமிகளை அவர் மத்திய மாகாணங்களிலிருந்து அழைத்துவந்தார். கேட்காவில் அவர்கள் எழுத்தோடு வேதத்தையும் கற்றார்கள். நெசவு, அச்சுக்கோத்தல் போன்ற தொழில்களையும் பழகினார்கள். ரமாபாய் மராத்தியில் மொழிபெயர்த்த வேதாகமமும் அங்குள்ள அச்சகத்திலேயே அச்சாயிற்று. தயவினால் வாழ வந்த பிள்ளைகளின் கரங்கள், தேசத்துக்கு வேதத்தை அளிக்கும் கரங்களாயின!

இன்று நாம் செய்யவேண்டியது என்ன?

யாக்கோபு 1:27 திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. விடுதிகளில் வளரும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடிருக்கிறார்கள். வறுமையே அவர்களைப் பிரித்தது. தாயோடும் பாட்டியோடும் இருந்தபடியே ஒரு பிள்ளை படிக்கக்கூடுமானால், அந்த வீட்டைத் தாங்குவதே முதல் ஊழியம். இத்தகைய குடும்பங்களில் தகுதியுள்ள பிள்ளைகளுக்கு மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டமும் மாதம் 4,000 ரூபாய் அளிக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் மனுக் கொடுக்க எழுத்தறியாத ஒரு தாய்க்குத் துணையாகச் செல்வதும் தர்மமே.

விடுதி தவிர வேறு வழியில்லாத பிள்ளைகளும் உண்டு. அப்போது, 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி அந்த இல்லம் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். கணக்கைக் கேளுங்கள். கேட்பது அவிசுவாசமல்ல, பிள்ளைக்குப் பாதுகாப்பு.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. அதற்குப் பின்புதான் உண்மையான நெருக்கடி தொடங்குகிறது. ஒன்பதாம் வகுப்பில் கட்டணம் நின்றால், பையன் டீக்கடைக்கோ பட்டறைக்கோ போய்விடுவான்; பெண்பிள்ளைக்கு வீட்டில் வரன் பார்க்கத் தொடங்குவார்கள். நகரத்தில் வேலை நிலையற்றது, வாடகை ஏறும். நல்ல மனதோடு ஏற்றுக்கொண்டவர்களும் இரண்டு ஆண்டுகளில் சோர்ந்துபோகலாம். ஆகவே தனியாக வாக்களிப்பதைவிட, நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு பிள்ளையைத் தாங்குவது நலம். ஒருவர் தளர்ந்தால் மூவர் தாங்குவார்கள். பள்ளியிறுதி வரை மட்டுமல்ல, ஐ.டி.ஐ., நர்சிங் என ஒரு தொழில் கைவசமாகும் வரை அந்த வாக்கு நிற்கட்டும்.

அன்புக்கு விலை இல்லை

வேத போதனை ஆகாரத்துக்கு விலையாகிவிடக் கூடாது. சாரதா சதனில் ரமாபாய் தம் அறைக்கதவைத் திறந்துவைத்து ஜெபித்தார். விரும்பியவர்கள் வந்து அமர்ந்தார்கள். ஒருவரையும் அவர் கட்டாயப்படுத்தவில்லை. நாமும் அப்படியே கதவைத் திறந்துவைப்போம். உதவி பெறும் பிள்ளையைச் சபையின் முன் நிறுத்தி நன்றி சொல்ல வைப்பதையும், அதன் வறுமையைப் புகைப்படமாக்கிப் பரப்புவதையும் தவிர்ப்போம். நம் பிள்ளையை அப்படி நிறுத்துவோமா?

பணம் அனுப்புவதோடு கடமை முடிவதில்லை. பரீட்சை எப்படி எழுதினாய், கண்ணாடி தேவையா, அம்மாவுக்குச் சுகமா என்று மாதம் ஒருமுறை விசாரியுங்கள். அந்த விசாரிப்பிலேதான் ஒரு பிள்ளை தான் திக்கற்றவனல்ல என்று அறிந்துகொள்ளுகிறான்.

பிரியமானவர்களே, அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் இன்றிரவு குடும்ப ஜெபத்தில் ஒரு கேள்வியைத் தேவசமுகத்தில் வையுங்கள்: எந்தப் பிள்ளையின் கரத்தை நாம் பிடிக்கப்போகிறோம்? பிடித்தபின், பாதியில் விடாதிருக்கும் கிருபையையும் கேளுங்கள்.