‘கணினி ஏற்கவில்லை’ என்பது யாருடைய பதில்?

விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்பட்டது என்று கேட்டால் ‘கணினி ஏற்கவில்லை’ என்ற பதிலே சன்னலுக்கு அப்பாலிருந்து வருகிறது. இந்தப் பதிலின் உள்ளீட்டை நெடுங்காலமாக ஆராய்ந்து வருபவர் மெய்யியலாளர் ஹெலன் நிசன்பாம். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகத்தில் கணிதமும் மெய்யியலும் பயின்ற அவர், 1983இல் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கற்பித்தபின் கார்னெல் டெக்கில் பேராசிரியரானார். அந்தரங்கம் குறித்த 2010ஆம் ஆண்டு நூலால் பரவலாக அறியப்பட்டவர் எனினும், வழக்காடுவோருக்கு அவருடைய 1996ஆம் ஆண்டுக் கட்டுரைகளே கூடுதலாக உதவும் என்பது நம் கருத்து.

அவற்றுள் ஒன்றை பாத்யா ஃப்ரீட்மனுடன் இணைந்து எழுதினார். கணினியில் பாரபட்சம் மூன்று வழிகளில் நுழைகிறது என்றனர்: சமூகத்தில் ஏற்கெனவே இருப்பது, வடிவமைப்பின் குறைகளால் வருவது, பயன்பாட்டுக்கு வந்தபின் முளைப்பது. அவர்கள் காட்டிய சான்றுகளுள் ஒன்று, பிரித்தானியாவின் 1981ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தைக் கணினி நிரலாக மாற்றிய முயற்சி. மணமாகாத தாயின் வழியே குழந்தைக்குக் குடியுரிமை கிட்டும், தந்தையின் வழியே கிட்டாது என்பது அன்றைய சட்டம். (2006இல்தான் அது மாறியது.) நிரல் பிழையின்றி இயங்க இயங்க, அந்த அநீதியும் பிழையின்றி நிறைவேறும்.

மற்றொரு கட்டுரை பொறுப்பைப் பற்றியது. 1985க்கும் 1987க்கும் இடையே தெராக்-25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் ஆறு நோயாளிகள்மீது அளவுமீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது, சிலர் மாண்டனர். யாரைக் கேட்பது? நிரல் எழுதியவரையா, இயந்திரம் செய்தவரையா, மருத்துவமனையையா? பல கைகள் சேர்ந்து செய்த வேலையில் எந்தக் கையும் அகப்படுவதில்லை. பிழைகள் இயல்பு என்று சமாதானம் சொல்லப்படுகிறது. பழி கணினிமேல் போடப்படுகிறது. மென்பொருளுக்கு உரிமை கோரும் நிறுவனமோ உரிம ஒப்பந்தத்தைக் காட்டிப் பொறுப்பைக் கழற்றிவிடுகிறது. இந்த நான்கு தடைகளுள் கடைசியானதே மிகக் கபடமானது என்போம்.

அவர் முன்வைத்த தீர்வுகளுள் ஒன்று, கவனக்குறைவை மெய்ப்பிக்காமலே விற்பவரைப் பொறுப்பாக்குவது. நமக்கு இது அந்நியமன்று. ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் 1986இல் நம் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழில் நடத்தும் நிறுவனத்தின் பொறுப்புக்கு விதிவிலக்கே இல்லை என்றது. அந்தக் கோட்பாடு மென்பொருளுக்குத் தானாகப் பொருந்திவிடாது. ஆனால் வாதத்தைத் தொடங்க அது போதும்.

ஆகவே கணினியின் பெயரால் ஒருவர் மறுக்கப்படும்போது மனுவில் எழுத வேண்டிய கேள்விகள் இவை: இந்த விதியை வகுத்த அதிகாரி யார், நிரலை வாங்க ஒப்புதல் அளித்தவர் யார், அதன் முடிவை மாற்றும் அதிகாரம் எவரிடம் உள்ளது. மூன்றுக்கும் எழுத்துப்பூர்வமாகவே பதில் கோர வேண்டும்.