பெரியண்ணன் மலைக்கு வந்தவர்கள்

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை. தங்கள் பூர்வீகம் காஞ்சிபுரம் என்பார்கள். அங்கிருந்து கிளம்பிய அண்ணன் தம்பி மூவரில் பெரியண்ணன் சேர்வராயனிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினார்களாம். இன்று சேலத்திலும் பெங்களூரிலும் மலையில் நிலம் தேடுகிறவர்கள் 'அடுத்து எந்த மலை?' என்று கேட்கிறார்கள். அதற்கான விடை இந்தப் பழங்கதையிலேயே இருப்பதாக எனக்குப் படுகிறது.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த டேவிட் காக்பர்ன் இந்த மலையில் காபியைப் பயிரிட்டுப் பார்த்தார். அப்போது மேலே வர மலைச்சாலை கிடையாது. வசதியுள்ளவர்கள் குதிரையில் ஏறினார்கள், அல்லது ஆட்கள் சுமந்த டோலியில் உட்கார்ந்தார்கள். பின்னாளில் சென்னை மாகாண அரசு கோடையில் ஊட்டிக்குப் போய்விடும். கவர்னர் மாளிகையும் தர்பாரும் அங்கேதான். சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டுக்கு அந்தச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை. அதனாலேயே இங்கே வந்தவர்கள் வேறு மாதிரி ஆட்கள்: தோட்டக்காரர்கள், பாதிரிமார்கள், ஓய்வுக்குப் பின் அமைதியாக இருக்க நினைத்தவர்கள்.

அவர்களில் ராபர்ட் புரூஸ் ஃபூட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1863-ல் பல்லாவரத்தில் கற்கால மனிதனின் கல்லாயுதத்தைக் கண்டெடுத்தவர். தென்னிந்தியா முழுக்க அலைந்த அந்த நிலவியலாளர், ஓய்வுக்காலத்தைக் கழிக்கத் தேர்ந்தெடுத்தது ஏற்காட்டை. 1912-ல் கல்கத்தாவில் இறந்தாலும் அவருடைய நினைவிடம் இங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில்தான் இருக்கிறது. பிறகு 1917-ல் மான்ட்ஃபோர்ட் பள்ளி வந்தது. பிள்ளையை விடுதியில் விடவும் பார்க்கவும் வந்த பெற்றோர்களால் ஊரின் பெயர் வெளியே பரவியது.

அன்று வந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு. வந்தவர்கள் வருடக்கணக்கில் தங்கினார்கள். இன்று ஒரு சனிக்கிழமை காலை அடிவாரத்தில் நின்று பார்த்தால் கர்நாடகப் பதிவெண் வண்டிகள் வரிசையாக ஏறுகின்றன. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி ஒண்டிக்கடை ரவுண்டானாவுக்குள் நுழைவதற்குள் பொறுமை போய்விடும். 'ஏழைகளின் ஊட்டி' என்று ஒரு காலத்தில் சொன்ன ஊரில் வில்லா விற்பனைப் பலகைகள் வளைவுக்கு வளைவு கண்ணில் படுகின்றன. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கொரோனா காலம் காட்டிய பிறகு, வார இறுதிக்கு வந்துபோனவர்களில் சிலர் மாதக்கணக்கில் தங்கவும் தொடங்கிவிட்டார்கள். குளிர்ச்சியைத் தேடி வருவதைக் குற்றமாக நான் நினைக்கவில்லை. சேலத்துச் சித்திரை வெயிலை அறிந்தவர்கள் யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள்.

என் கவலை காபித் தோட்டத்தைப் பற்றியது. நல்ல தோட்டத்துக்குள் நடந்தால் வெயில் தரையில் திட்டுத்திட்டாகத்தான் விழும். மேலே சில்வர் ஓக், அதன் மேல் சுற்றிப் படரும் மிளகுக்கொடி, நடுவில் பலா, கீழே இடுப்பளவு காபிச் செடி, அதற்கும் கீழே காலை வைத்தால் அமுங்கும் சருகு. பெய்யும் மழையை அந்தச் சருகுதான் பிடித்து, மெல்ல மண்ணுக்குள் இறக்கி, கோடையில் கீழே ஓர் ஊற்றாகக் கசியவிடுகிறது. அதே சரிவை மனைகளாகப் பிரித்தால் முதலில் மரம் போகிறது, பிறகு ஜேசிபி சரிவை வெட்டிச் சமப்படுத்துகிறது, செம்மண் சுவர்போல நிற்கிறது, அப்புறம் போர்வெல் வண்டி வருகிறது. ஊற்றை நம்பியிருக்கும் கீழ்க்காட்டு மலைக்கிராமத்துக்குப் பங்குனியிலேயே குடம் நிறைய நேரமாகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதையும் மறந்துவிட முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஊர் உண்டு: அமெரிக்காவில் பஃபலோ நகர மேயர் 2019-ல் தம் ஊர் பருவநிலை மாற்றத்திலிருந்து தப்பி வருவோருக்குப் புகலிடம் என்று அறிவித்தார். தொழிற்சாலைகள் மூடி மக்கள் வெளியேறிய, யாரும் திரும்பிப் பார்க்காத ஊர் அது. ஆனால் கடல்போல ஈரி ஏரி அதன் வாசலில் கிடக்கிறது. ஏற்காட்டு ஏரியோ ஒரு நடையில் சுற்றிவிடக்கூடியது. எந்த ஊருக்கு மக்கள் வருவார்கள் என்று சாலையையும் நிலவிலையையும் பார்த்துக் கணிக்கலாம். வந்தவர்கள் நிலைப்பார்களா என்பதற்குத் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும்.

2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6000, வார இறுதியில் 8000 வாகனங்கள் என்று உயர் நீதிமன்றம் உச்சவரம்பே போட்டது. அங்கே இடமில்லாதவர்கள் வேறு மலைக்குத் திரும்புவார்கள். பெரியண்ணன் மலை நிரம்பிவருகிறது. அடுத்தது சின்னண்ணனின் கொல்லிமலை என்பது என் கணிப்பு. அதன் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஒரு தலைமுறைக்கு முன் வேலியாக இருந்தன. இப்போது பைக்கில் வரும் இளைஞர்களுக்கு அவையே ஈர்ப்பு. ஆகாய கங்கை அருவியும் அறப்பளீஸ்வரர் கோயிலும் ஆடிப்பெருக்குக் கூட்டமும் பெயரை ஏற்கெனவே பரப்பிவிட்டன. திருச்சிக்குப் பக்கத்திலிருக்கும் பச்சைமலை அதற்கடுத்து.

மலைப்பகுதிகளில் கட்டுமானத்தை முறைப்படுத்த 1990 முதல் மலையிடப் பாதுகாப்புக் குழும விதிகள் இருக்கின்றன. அவை கட்டடத்தைத்தான் அளக்கின்றன. ஊற்றை அளக்கும் வேலை ஊர்க்காரர்களால்தான் முடியும். கொல்லிமலையின் செம்மேட்டிலும் சோளக்காட்டிலும் கிராம சபை கூடும்போது, எந்த ஊற்று எந்த மாதம் வற்றுகிறது, அதை நம்பி எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன, அதன் மேல்சரிவு யார் கையில் இருக்கிறது என்பதை இப்போதே தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிவிட வேண்டும். முதல் மனைப் பலகை நடப்பட்ட பிறகு இந்தக் கணக்கைக் கேட்க ஏற்காட்டில் ஆள் இருக்கவில்லை.