குடத்துக்குள் ஓலை, சுவரெங்கும் எழுத்து

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் இறங்கிக் கோயில் பக்கம் நடந்தால், வழிநெடுகச் சுவர் எழுத்துகள். சிமென்ட், விதைநெல், கட்சிச் சின்னம் எல்லாம் ஒரே சுவரில், ஒரே மாதிரி பெயின்ட்டில். பார்க்க ஒன்றாகத் தெரிந்தாலும், அவற்றின் பின்னால் இருக்கும் சந்தைப்படுத்தல், விளம்பரம், பிரசாரம் மூன்றும் நம்மிடம் கேட்பது வேறு வேறு.

விதைநெல்லை எடுத்துக்கொள்வோம். இந்த மண்ணுக்கு எந்த ரகம் ஏற்கும், எத்தனை கிலோ பையாகக் கட்டினால் சிறு விவசாயி வாங்குவார், விலை என்ன, எந்தக் கடையில் கிடைக்க வேண்டும் என்று முடிவெடுப்பதெல்லாம் சந்தைப்படுத்தல். விளம்பரம் அதில் ஒரு பகுதி. காசு கொடுத்துச் சொல்வது. சொல்பவர் யார் என்பதும் சுவரிலேயே இருக்கும். பிரசாரத்துக்கு வேண்டியது நம் மனசு. யாரோ சொன்ன கருத்தை நாமே யோசித்ததாக நம்ப வைத்துவிட்டால் அதன் வேலை முடிந்தது.

மூன்றும் கலந்தும் வரும். 1920-களில் பெரியார் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றார். துணியோடு சுதேசி எண்ணமும் வீட்டுக்குள் போயிற்று. அதே பெரியார் 1925-இல் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்துக்கு இடம் கிடைக்காமல் காங்கிரஸை விட்டு வெளியேறி, தன் கொள்கையையே ஊர் ஊராகச் சுமந்தார். ‘புரொபகாண்டா’ என்று பிரசாரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 1622-இல் போப் பதினைந்தாம் கிரிகோரி சமயம் பரப்ப நிறுவிய சபையின் பெயரிலிருந்து வந்தது. உலகப் போர்களுக்குப் பிறகு ஆங்கிலத்தில் அது வசைச்சொல். தமிழில் ‘பிரசார பீரங்கி’ என்றால் இன்றும் பாராட்டுதான். அதனாலேயே நாம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிரசாரத்துக்கு இடம் தராத சுவர் ஒன்றும் உத்திரமேரூரில் உண்டு. வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, கி.பி. 919, 921. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவை சொல்கின்றன. ஊரின் 30 குடும்புகளிலும், அதாவது வட்டங்களிலும், தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட வேண்டும். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓர் ஓலையை எடுத்துத் தருவான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். வேறோர் ஓலை கைக்குள் ஒளிந்திருக்க வழியே இல்லை.

இங்கே பிரசாரம் செல்லாது. யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆதரவு கேட்டாலும், குடத்துக்குள் துழாவும் பிள்ளையின் கைக்கு அது தெரியாது.

இந்தக் கல்வெட்டுச் சுவரைத்தான் இன்று எல்லா மேடைகளும் சொந்தம் கொண்டாடுகின்றன. 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடி உத்திரமேரூரைக் குறிப்பிட்டார். ஊருக்குப் பெருமை, எனக்கும்தான். ஆனால் மேடையேறும்போது கல்வெட்டில் பாதி உதிர்ந்துவிடுகிறது. அந்த ஊர்ச் சபை பிராமணர்களின் சபை. ஓலையில் பெயர் ஏறக் கால்வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டும். நாற்று நட்ட பெண்ணின் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. உள்ளதைச் சொல்லி, சொல்ல வேண்டியதை விட்டுவிடுவது பிரசாரத்தின் பழைய வழி. பொய்யைவிட இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

உதிர்ந்துபோகும் விதி இன்னொன்றும் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. அவருடைய தகப்பன், மகன், உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், மருமகன் பெயர்களையும் இடக் கூடாது. ஒவ்வொரு உறவாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த வரியை உரக்கப் படித்த மேடை எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை.